பேட்டரி தண்ணி

பூவம்மா கொல்லையிலிருந்த பெரிய ஜாடியின் பலகை மூடியைத் தூக்கிவிட்டாள். விளிம்புவரை தண்ணீர்.

"இம்புட்டுத் தண்ணிய வச்சிக்கிட்டா வாளியத் தூக்கிட்டு வீடு வீடா அலையிறோம்? வேலு, அண்ணனைக் குளிப்பாட்ட இதை மொண்டுக்கவா?"

வேலுவின் அப்பா, பூவம்மாவின் அண்ணன் துரைசாமி விடியும்போது கண்ணை மூடியிருந்தார். அறுபத்து மூன்றாம் வருஷத்து வறட்சி. பகலெல்லாம் குழாயை அடைத்துவிடுவார்கள், அன்று அவர்கள் தெருவான கெர்பாவ் ரோட்டின் முறை. பிடித்து வைத்திருந்தது வந்தவர்களுக்குக் கோப்பி போட்டே தீர்ந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் பிணத்தை எடுத்தாக வேண்டும்.

"அதைத் தொடாதீங்க அத்தை," என்றான் குழந்தைவேலு. வாய் முந்திக்கொண்டது. "அது பேட்டரி தண்ணி."

பொய்யில்லை. அவன் வேலை பார்க்கும் லாரிப் பட்டறையில், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீருக்கு அதுதான் பெயர். மிஞ்சியதைக் கேட்டு வாங்கிப் போத்தல் போத்தலாகச் சைக்கிளில் கொண்டுவருவான். எப்போதோ பெய்த மழைநீரைக் கரியிலும் துணியிலும் வடிகட்டி அதோடு கலப்பான். காய்ந்த கெத்தாப்பாங் என்னும் நாட்டு வாதுமை இலைகளை ஊறப்போடுவான். உப்பும் சுண்ணாம்பும் தீண்டாத மெல்லிய தண்ணீர். அவன் வளர்க்கும் கட்டைவிரல் நீள சிக்லிட் மீன்களுக்கு அதுதான் வேண்டும். குழாய்த் தண்ணீரில் முட்டையெல்லாம் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். பலமுறை அப்படிப் போய், இப்போதுதான் முதன்முதலாகப் பொரித்திருந்தன. தூசி போன்ற குஞ்சுகள் தாயின் வயிற்றடியில் ஒண்டிக்கொண்டிருந்தன. ஜாடி காலியானால் அடுத்த மழைவரை அவை தாங்காது.

பூவம்மாவுக்கோ பேட்டரி தண்ணி என்றால் திராவகம்தான். அவள் புருஷனின் கால்சட்டையைப் பொத்தலாக்கி முழங்காலையும் வேகவைத்த சங்கதி. மூடியைப் போட்டுவிட்டுக் கையைச் சேலையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். அவள் தப்பாக எடுத்துக்கொண்டது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. திருத்தப் போனவன், ஜாடி மூடியை நேராக்கி வைத்தான்.

"அண்ணி, நெசமாவா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள் பூவம்மா.

அம்மா தங்கம் பிணத்தின் தலைமாட்டில் இருந்தாள். அந்தத் தண்ணீரைத் தன் பழைய சேலைத்துணியில் வடிகட்டிக் கொடுத்ததே அவள்தான். மகனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா. தொட்டா கை வெந்துரும்," என்றாள்.

நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்து விழுந்ததுபோல் கூசிப்போனான்.

பக்கத்து வீட்டு ஹலீமா ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தாள். "தொழுகைக்குக் கைகால் கழுவ வச்சிருந்தது அக்கா, சுத்தமானதுதான். புள்ளைங்க இன்னைக்குக் குளிக்காட்டி என்ன லா." எதிர்வீட்டுச் சீனத் தச்சர் ஒரு பிஸ்கட் டின் நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் குழந்தைவேலுவே கைநீட்டி வாங்க வேண்டியிருந்தது, மகன் அல்லவா. வெட்கம் பிடுங்கித் தின்றது. தலைக்குமேல் நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடிக்க, அந்த இரவல் தண்ணீரைக் குடத்தில் சுமந்து, பிணத்தைக் குளிப்பாட்டும் நீர்மாலையாகக் கொண்டுவந்தான்.

எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்க்கும்போதே குடம் வற்றிவிட்டது.

"இன்னும் ரெண்டு செம்பு இருந்தா நல்லா அலசிரலாம்," என்றார் குளிப்பாட்டியவர்.

குழந்தைவேலு கொல்லைப்பக்கம் திரும்பினான். ஓடிப்போய் மொண்டுவந்துவிடத்தான் கால் துடித்தது. ஆனால் இப்போது மொண்டால் அவன் மட்டுமா மாட்டிக்கொள்வான்? புருஷன் பிணத்தருகே உட்கார்ந்து பொய் சொன்னவள் என்று அம்மாவையும் அல்லவா பேசுவார்கள்.

"போதும், துடைங்க," என்றாள் தங்கம். அவன் பக்கம் அவள் பார்க்கவில்லை.

புது வேட்டி உடுத்தி, மாலை போட்டு, நெற்றியில் திருநீறு பூசினார்கள். வாய்க்கரிசி போட முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். குனிந்தான். அப்பாவின் காதுமடலுக்குப் பின்னால் சீயக்காய் திட்டாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அரிசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, விரலை நாக்கில் நனைத்துத் துடைத்தான். பாதிதான் போயிற்று. மறுபடியும் நனைக்கப் பார்த்தான், நாக்கு வறண்டிருந்தது.