அம்மன் முன்னால் நிற்கும் வண்டி

காலை ஒன்பது பத்துக்கு வண்டி அம்மன் முன்னால் நின்றது.

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. ஃபோர்க்லிஃப்ட்டின் சின்னத் திரையில் 47 என்ற எண் மின்னியது. ஓட்டுநர் தேசப்பன் சாவியை அணைத்துத் திரும்பப் போட்டார். எண் மறைந்தது. வண்டி பெயின்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஆறு ஃபோர்க்லிஃப்ட்டுகள். ஆறும் பேட்டரியில் ஓடுபவை. ஐந்து பழசு, ஒழுங்காக ஓடின. புதிதாக வாங்கிய ஆறாவது மட்டும், வேப்பமரத்தடியில் இருக்கும் பவானி அம்மன் சன்னதிக்கு நேராக வந்ததும் நின்றது.

மெக்கானிக் கல்பனா அதைப் பார்க்க வருவது இது மூன்றாவது முறை. வேலையை விட்டுவிட்டு, ஒரு ஸ்கூட்டரையும் கருவிப் பையையும் நம்பித் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாள். இந்த ஆறு வண்டிகளின் பராமரிப்பு ஒப்பந்தம்தான் அவளுக்குக் கிடைத்த ஒரே பெரிய வேலை. இன்றும் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஸ்டோர்ஸ் மேனேஜர் ஜெரால்ட் போனில் சொல்லியிருந்தார். கோபப்படாமல் சொன்னார்.

47 என்றால் என்ன என்று கையேட்டில் தெளிவாக இருந்தது. ஓட்டுபவர் இருக்கையில் உட்காரும் முன்பே பெடல் மிதிபட்டிருக்கிறது. அப்படியானால் பெடல் பொய் சொல்கிறது, அல்லது இருக்கைக்கு அடியில் உள்ள சுவிட்ச் பொய் சொல்கிறது. முதல் முறை பெடலை மாற்றினாள். இரண்டாம் முறை சுவிட்ச்சை மாற்றினாள். இரண்டு முறையும் சார்ஜிங் கொட்டகையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தாள். நன்றாக ஓடியது. அவள் போன மறுநாளே அம்மன் முன்னால் நின்றது.

தொழிற்சாலையில் யாருக்கும் கையேடு தேவைப்படவில்லை. இந்த ஆடியில் நிர்வாகம் கூழ் ஊற்றவில்லை. அம்மன் கேட்கிறாள், அவ்வளவுதான். யாரோ வண்டியின் முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். ஜெரால்ட் தானே ஏறி மூன்று நடை ஓட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. தேசப்பன் அவருக்கு ஆறுதல் சொன்னார்.

"உங்கள எதுக்கு சார் நிறுத்தப் போறா? நீங்க சர்ச்சுக்குப் போறவரு. கேக்கறத எங்ககிட்டதான் கேப்பா."

கல்பனா அந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டாள். வண்டி ஒன்று, பாதை ஒன்று. ஜெரால்ட் ஓட்டினால் நிற்கவில்லை, தேசப்பன் ஓட்டினால் நிற்கிறது. ஒருவேளை அவர் இருக்கையின் ஓரத்தில் உட்காருகிறாரோ என்று கேட்டாள்.

"எண்பத்தஞ்சு கிலோம்மா நானு. நான் குந்திகினு கீறது சீட்டுக்குத் தெரியாமலா போவும்?"

சோதனைக் கருவியை வண்டியில் செருகி, வண்டிக் கூரையின் தூணில் துணியால் கட்டினாள். திரையில் இரண்டு வரிகள் தெரிந்தன. சீட் ஆன். பெடல் ஆன். தேசப்பனை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நடந்தாள்.

வேப்பமரம் வந்தது. கல்பனா திருவள்ளூர்க்காரி, பவானி அம்மனைக் கும்பிட்டே வளர்ந்தவள். கை தானாகக் கன்னத்துக்குப் போனது, கண் மூடியது. திறந்தபோது வண்டி நின்றிருந்தது. திரையில் 47.

மறுபடி ஓட்டச் சொன்னாள். இந்த முறை மனதுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சீட் ஆஃப்.

நிமிர்ந்து பார்த்தாள். தேசப்பன் இருக்கையை விட்டு ஒரு சாண் எழுந்திருந்தார். இடது கை ஸ்டீயரிங்கில். வலது கை நெஞ்சில். கண்கள் மூடியிருந்தன. கால் மட்டும் பெடலை மிதித்தபடியே இருந்தது. பிறகு உட்கார்ந்தார். 47.

பேருந்தில் கோயிலைக் கடக்கும்போது பாதிப் பேர் செய்வதுதான். அதனால்தான் இத்தனை நாளாக யார் கண்ணிலும் அது படவில்லை.

ஜெரால்டை அழைத்து விளக்கினாள். இவர் எழுந்ததும், ஆள் விழுந்துவிட்டார் என்று நினைத்து வண்டி மோட்டாரை நிறுத்துகிறது. பெடலை விடாமலே திரும்ப உட்காருவதால் கிளம்ப மறுக்கிறது. பழைய வண்டிகளில் இந்த ஏற்பாடு இல்லை. பெடலும் சுவிட்ச்சும் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தன.

ஜெரால்ட் சிரித்தார். பிறகு, அந்தச் சுவிட்ச்சைக் கழற்றிவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள் கல்பனா. நாளைக்கு யாராவது நிஜமாகவே விழுந்தால் வண்டி நிற்க வேண்டும். ஒப்பந்தமே போனாலும் அதை மட்டும் செய்ய மாட்டேன் என்றாள்.

அவள் தேசப்பனிடம் திரும்பினாள்.

"உக்காந்துகினே கும்புடுங்கண்ணா."

"உன் மாமியார் ஊட்டுக்கு வந்தா நீ உக்காந்துகினேதான் வாங்கன்னு சொல்லுவியா?"

கல்பனாவுக்கு அதை மறுக்கத் தோன்றவில்லை. சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் பெடலை விட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துவிட்டுக் கும்பிடுங்கள் என்றாள். தேசப்பனின் முகம் மலர்ந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து கும்பிடுவது அவருக்கும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்ததாம்.

அடுத்த நடைக்கு மூவரும் காத்திருந்தார்கள்: கல்பனா, ஜெரால்ட், டீ கொண்டுவந்த சோனியா. வண்டி வேப்பமரத்தருகே வந்து ஓரமாக நின்றது. தேசப்பன் பிரேக் போட்டார். சாவியை அணைத்தார். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து கும்பிடவில்லை, கீழே இறங்கினார். தரையில் இறங்கிய பிறகு அம்மன் முன்னால் ஷூவோடு எப்படி நிற்பது? குனிந்து சேஃப்டி ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். இடது கால். வலது கால். சன்னதிக்குப் போய் நிதானமாகக் கும்பிட்டு, குங்குமம் இட்டுக்கொண்டு, திரும்பி வந்து, கயிற்றைக் கட்டி, ஏறிக் கிளம்பினார்.

47 வரவில்லை.

சோனியா கைதட்டினாள். கல்பனா அப்போதுதான் டீயை வாங்கிக்கொண்டாள்.

பின்னால் பழைய வண்டியில் சின்னதுரை வந்துகொண்டிருந்தான். இதுவரை அவனும் ஒரு சாண் எழுந்து கும்பிட்டவன்தான். பெரியவர் இறங்கிக் கும்பிட்ட இடத்தில் வண்டியிலேயே கும்பிட்டுவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. ஓரம் கட்டினான். இறங்கினான். கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். அவனுக்குப் பின்னால் மூன்றாவது வண்டி ஹாரன் அடித்தது. முன்னால் நடப்பதைப் பார்த்ததும் ஹாரன் நின்றது, அந்த வண்டியிலிருந்தும் ஒருவர் இறங்கினார்.

ஜெரால்ட் மணியைப் பார்த்தார். வாசலில் நிற்கும் லாரிகளைப் பார்த்தார்.

"கான்ட்ராக்ட் உங்களுக்குத்தான் மேடம், அதுல பேச்சே இல்ல. ஆனா ஆறு பேரும் நடைக்கு நடை ஷூ கழட்டிகினு நின்னா, லோடு யாரு ஏத்துறது?"