பார்க்காத முகத்துக்குப் பாராட்டு

சிப்னோஸ் தீவில் பெண் எடுத்து, சொந்த ஊரான செரிபோஸுக்குப் படகில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தான் சீமோஸ். மணமகள் பானியோன் முகம் மறைய முக்காடு போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் பரிசு கொடுத்த பிறகுதான் முக்காடு விலகும். இதுவரை அவள் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. பேசி முடித்ததெல்லாம் அப்பாக்கள்.

பானியோனுக்கு அதை நினைத்தாலே பயம். சின்ன வயதில் ரொட்டி அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு, இடக்கன்னம் முழுக்க. பார்த்ததும் அவன் முகம் சுண்டிவிட்டால்?

மாப்பிள்ளைக்கோ வாய் சும்மா இருக்கவில்லை. நடுக்கடலில் கடலுக்குப் படையலாக மது வார்க்கும்போது எழுந்து நின்று கத்தினான்:

"கடல்தெய்வம் நேரியஸ் கிழவனோட பொண்ணுங்களா! அம்பது பேரும் சேர்ந்து வந்தாலும் என் பொண்டாட்டி அழகுக்கு உறை போடக் காணாது!"

"அடப்பாவி, வாயை மூடுடா! அவளுகளுக்குக் காது இருக்குடா!" என்று அலறினான் தோழன் மிக்கோஸ்.

காற்று பொசுக்கென்று நின்றது. பாய் தொங்கிப்போனது. துடுப்புப் போட்டும் படகு அசையவில்லை. தண்ணீரிலிருந்து ஒரு தலை எழுந்தது. கலேனே! அந்த ஐம்பது பேரில் அலையை அடக்குகிறவள். அம்மாடி, என்ன அழகு! மிக்கோஸ் கல்யாண எள்ளுருண்டைக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"யாருடி அந்தப் பேரழகி? முக்காட்டை எடு. என்னைவிட அழகா இல்லைன்னா படகு இங்கயேதான்."

பானியோன் சீமோஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முக்காட்டைத் தூக்கினாள்.

"இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றாள் கலேனே.

"தாயே, அவர் என்னையும் பாத்ததில்ல, உங்களையும் பாத்ததில்ல. ஆசையில அளந்துவிட்டுட்டார். அதுக்குப் போய்க் கோவிச்சுக்கலாமா?"

கலேனேவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பில் படகே ஆடியது.

"சரிதான்! பாத்தப்புறம் என்ன சொல்றான்னு கேளு" என்று முங்கிப்போனாள். பாய் மறுபடி புடைத்தது.

முக்காட்டை இறக்கப் போன பானியோனின் கை நின்றது. வீடு வரைக்கும் இந்தப் பயத்தைச் சுமக்க அவளால் முடியாது. அப்படியே திரும்பினாள்.

"பாத்துக்குங்க. இப்பச் சொல்லுங்க."

சீமோஸ் தழும்பைப் பார்த்தான், கண்களைப் பார்த்தான். பானியோனுக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. அவன் கடலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தான்.

"இப்பதான் ரெண்டு பேரையும் பாத்தாச்சே. சொன்னது சொன்னதுதான். ஆனா, கரைக்குப் போய்ச் சத்தமாச் சொல்றேன்."

பானியோன் துடுப்பை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"அப்ப சீக்கிரம் போடுங்க!"