இழுத்துக் கட்டிய கம்பி

காரின் மஞ்சள் விளக்கு எப்போதெல்லாம் எரிந்தது என்பதை ஜோதிலட்சுமி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். தேதி, இடம், மழை உண்டா இல்லையா, வண்டி எப்பக்கம் திரும்பியது. கிளை நூலகத்தில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவளுக்கு நினைவை நம்பும் வழக்கம் இல்லை.

விளக்கில் ஒரு சிறிய கார். அதன் பின்னால் இரண்டு நெளிகோடுகள். சக்கரம் வழுக்கினால் எஞ்சினின் விசையைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது என்று காருடன் வந்த புத்தகம் கூறியது. சென்ற முறை குமுளி மலைப்பாதையில், வழுக்காத சக்கரத்தை வழுக்கியதாக எண்ணிக்கொண்டு அது விசையைக் குறைத்துவிட்டது. கொண்டையூசி வளைவின் நடுவில், ஆக்சிலேட்டரை மிதித்தும் கார் ஏறவில்லை. பின்னால் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஒன்று ஓயாமல் ஒலியெழுப்பியது. முதுகில் பட்டை அணிந்து பக்கத்து இருக்கையில் பாதி சாய்ந்திருந்த கணவன் விஜய்பாண்டி கதவின் மேலிருந்த பிடியை இறுகப் பற்றினான்.

நான்கு மாதங்களுக்கு முன், சுருளிப்பட்டித் தோட்டத்தில் திராட்சைப் பந்தலைச் சரிசெய்துகொண்டிருந்தவன் கல்தூணோடு சாய்ந்தான். முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை மலைக்கு அந்தப் பக்கம், கோட்டயத்தில் நடந்தது. பட்டையைக் கழற்றி நடக்கவிடலாமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும் நாள் வரும் வியாழக்கிழமை. தவறினால் இன்னும் ஒன்றரை மாதம் படுக்கைதான். பேருந்தில் உட்கார அவனால் இயலாது. ஒருமுறை வாடகைக் காரில் போனார்கள். ஓட்டுநர் வளைவுக்கு வளைவு பிரேக்கை உதைத்ததில் மூன்று நாள் வலி தீரவில்லை. அதன் பிறகே, பீரோவில் கிடந்த தன் ஓட்டுநர் உரிமத்தை அவள் தேடி எடுத்தாள்.

தேனியில் ஒரு பணிமனையில் இருமுறை காட்டியாயிற்று. முன்பக்க இடச்சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் சென்சாரைக் கணினி குற்றம் சொன்னது. சென்சாரைச் சோதித்தவர்கள் குற்றமில்லை என்றார்கள். விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். கம்பம் வரையிலான நேர்சாலையில் அதுவும் அணைந்தே வந்தது.

புதன்கிழமை காலை, கம்பம் புறவழிச்சாலையில் இருந்த ஏசுதாசனின் பட்டறைக்கு வந்தாள்.

“என் ஸ்கேனரும் அதையேதான்க்கா சொல்லுது,” என்றான் ஏசுதாசன். “எந்தச் சக்கரம்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. எப்ப எரியுது? மழையிலயா?”

அவள் தாளை நீட்டினாள்.

“டாக்டருககூட இம்புட்டு எழுத மாட்டாகக்கா!” என்று சிரித்தவன், பாதியில் சிரிப்பை நிறுத்தினான். விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டு போனான். “எட்டுத் தடவையில ஏழு வலதுபக்கம் திரும்பயில. மிச்சம் ஒண்ணுல வீட்டு வாசல்னு மட்டும் போட்டிருக்கீக?”

“ரிவர்ஸ் எடுத்தேன்.”

“ஸ்டியரிங்க எந்தப் பக்கம் ஒடிச்சீக?”

ஜோதிலட்சுமி இரு கைகளையும் காற்றில் நீட்டி, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தாள்.

“வலதுதான்.”

ஏசுதாசன் காரின் முன்புறத்தை ஜாக்கியில் உயர்த்திச் சக்கரத்தைக் கழற்றினான். சென்சாரின் ஒயருக்கு இரு முனைகளிலும் மீட்டரின் முட்களை வைத்தான். ஒயர் அறாமலிருந்தால் கூவும் மீட்டர் அது; விடாமல் கூவியது. “இப்ப வலதுபக்கம் முழுசா ஒடிங்க.” அவள் ஒடித்தாள். கூவல் நின்றது. நேராக்கினாள், மறுபடி கூவியது.

“இங்கன வந்து பாருங்க.”

கறுப்பு ஒயர் ஓரிடத்தில் இரும்புக் கம்பியால் சுற்றப்பட்டு, அசையவிடாமல் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. வலப்பக்கம் திருப்பும்போது மேற்கொண்டு நீள அதற்கு வழியில்லை. மேலுறை முழுதாக இருக்க, உள்ளிருந்த செம்பு இழை அறுந்திருந்தது. நேராகப் போகும்போது முனைகள் ஒட்டிக்கொண்டன, திரும்பும்போது பிரிந்தன.

“மெக்கானிக்குன்னா பிளாஸ்டிக் டேக் போட்டிருப்பான். இது தோட்டக்காரவுக கட்டு. குரங்கு தொங்குனாலும் அவுறாது.”

நான்கு சுற்று, கம்பியின் முனை கையைக் கிழிக்காதபடி உள்நோக்கி மடக்கப்பட்டிருந்தது. அவர்கள் தோட்டத்தில் அப்படி மடக்குபவர் ஒருவரே. போன மாதம் வாய்க்கால் கரையில் கார் இடித்த மறுநாள், பந்தல் கட்டும் சின்னக்கருப்பு அதனடியிலிருந்து முழங்கைச் சேற்றோடு எழுந்ததை அவள் பார்த்திருந்தாள். “சும்மா பாத்தேன் ஆத்தா” என்றுதான் அவர் சொன்னார். விஜய்பாண்டியைச் சரிந்த பந்தலுக்குள்ளிருந்து எடுத்து, முதுகு வளையாமல் கதவுப் பலகையில் கிடத்திக் கொண்டுவந்தவர் அவர்தான். அதனால் அவளுக்கு வந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

“திட்டிராதீகக்கா,” என்றான் ஏசுதாசன், அவள் முகத்தைப் பார்த்து. “கிளிப்பு ஒடஞ்சு தொங்கியிருக்கு. கட்டாம விட்டிருந்தா டயரு சுத்தி இழுத்து, சென்சாரையே பிச்சிருக்கும். அது மதுரையிலருந்துதான் வரணும். நாளைக்கு நீங்க போயிருக்கவே முடியாது.”

அறுந்த துண்டை நீக்கி, புது ஒயர் சேர்த்துப் பற்றவைத்து உறையிட்டான். சக்கரம் திரும்ப இடம்விட்டு, ஒரு தளர்ந்த வளைவோடு புதுக் கிளிப்பில் மாட்டினான். இருபக்கமும் ஒடித்துப் பார்த்தாள். மீட்டர் இடைவிடாமல் கூவியது. பட்டறைக்குப் பின்னாலிருந்த காலிமனையில் அவளைப் பத்து முறை எட்டுப் போடச் சொன்னான். விளக்கு எரியவில்லை. இறங்கியவள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் கூச்சப்பட்டு, ஸ்பானரைத் துடைப்பதில் மும்முரமானான்.

மாலையில் சின்னக்கருப்பு விஜய்பாண்டியைப் பார்க்க வந்தார்.

“கார்ல ஒயரக் கட்டுனது நீங்கதானண்ணே?”

“ஆமா ஆத்தா. ஏன், அவுந்துருச்சா?” ஒரு கட்டு அவிழ்வதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு இல்லை.

“அவுறல. அதான் வெனையாப் போச்சு. கொஞ்சம் தொளதொளன்னு இருக்கணுமாம்.”

“தொளதொளன்னா? பந்தல்ல அப்பிடிக் கட்டுனா ஒரே மழையில திராட்சக் கொலையெல்லாம் தரையில கெடக்குமே!”

“காரு பந்தல் இல்லண்ணே,” என்ற விஜய்பாண்டி, பட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான்கு மாதத்தில் அவன் சிரித்து அவள் கேட்டது அதுவே முதல்முறை.

சின்னக்கருப்பு சிரிக்கவில்லை. “அப்ப, அன்னைக்கு மலையில நின்னது என்னாலயா ஆத்தா?”

“ஆமா,” என்றாள் ஜோதிலட்சுமி. பொய் சொல்வது அவருக்கு மரியாதையாகாது என்று அவளுக்குப் பட்டது. “ஆனா நீங்க கட்டலேன்னா நாளைக்குப் போக வண்டியே இல்லையாம். ரெண்டும் நெசந்தான்.”

அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “நாளைக்கு நானும் வாறேன். நின்னா தள்ள ஆளு வேணும்ல.”

தள்ளும் தேவை நேரவில்லை. வியாழன் விடியலில் லோயர் கேம்ப் தாண்டி ஏறும்போது, பின்னிருக்கையில் இருந்தவர் மலையையோ அருவியையோ பார்க்கவில்லை. முன்னிருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி, விளக்கு எரிய வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். முன்பு கார் நின்ற வளைவு வந்தது. அவள் வலப்பக்கம் முழுவதும் ஒடித்தாள். கார் ஏறிப் போயிற்று.

“எரியல,” என்றான் விஜய்பாண்டி.

“பேசாம வாங்க. இன்னும் வளைவு இருக்கு.”

பன்னிரண்டரை மணிக்குக் கோட்டயத்தில் மருத்துவர் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பட்டையைத் தாமே கழற்றினார். விஜய்பாண்டி எழுந்து நின்றான். ஒருபுறம் ஜோதிலட்சுமி தாங்க, மறுபுறம் சின்னக்கருப்பு அவன் புஜத்தை இரு கைகளாலும் இறுகப் பற்றினார்.

“அத்ர முறுக்கிப் பிடிக்கண்டா,” என்று மலையாளத்தில் சொன்ன மருத்துவர், தமிழுக்கு மாறினார். “கொஞ்சம் லூசா பிடிங்க. அவரே நடக்கட்டும்.”

சின்னக்கருப்பு பிடியைத் தளர்த்தினார். பிறகு விஜய்பாண்டியின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“இங்கனயும் தொளதொளன்னுதானா ஆத்தா?”

“இங்கனயுந்தான் அண்ணே,” என்றாள் ஜோதிலட்சுமி. விஜய்பாண்டி ஆறடி நடந்திருந்தான்.