சம்பந்திகள் அடைத்த குடைமிளகாய்

மூன்றாவது மாடிக்கு இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததுதான் முதல் சங்கடம். கண்ணாடிக்காரர் படியேறி வந்தார். பிரேக்கம்மா லிஃப்டில் வந்தார். வீட்டு வாசலில் பூட்டு தொங்கியது.

பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்தார். "டாக்டரும் அவங்க வீட்டுக்காரரும் அவசரமாக் கிளம்பிப் போனாங்க. சாவியை உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாங்க." யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் காற்றில் நீட்டினார். கண்ணாடிக்காரர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பிரேக்கம்மா வாங்கிக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் பையனின் அப்பா. கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. பிரேக்கம்மா பெண்ணின் அம்மா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அந்தப் பெயர் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வைத்தது. பெண்ணுக்கு ஆறு வயதாகும்போது கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்த கையாலேயே வளர்த்து, பெண்ணை மாட்டு டாக்டராக்கியவர். மாட்டு டாக்டர் என்று யாராவது சொன்னால், "எல்லா ஜீவனுக்கும் டாக்டர்" என்று திருத்துவார்.

சம்பந்திகளுக்குள் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷமும் எட்டு மாசமும் ஆகியிருந்தது. அடியோடு நின்றது என்று சொல்ல முடியாது. போனில் "நல்லா இருக்கீங்களா", "இருக்கேன்", "வைக்கட்டுமா", "வைங்க" என்ற நாலு வார்த்தை நடந்துகொண்டிருந்தது. காரணம் கல்யாணச் சாப்பாடு. முதல் பந்தியில் உட்கார்ந்த கண்ணாடிக்காரர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "எல்லாம் ஜோர். உப்பைத்தான் காணோம்" என்று உரக்கச் சொல்லிவிட்டார். தண்ணீர்க் கூஜாவுடன் பின்னால் நின்றிருந்த பிரேக்கம்மா, "தினமும் சோத்துல உப்பு போட்டுச் சாப்பிடுறவங்க சபையில இப்படிப் பேச மாட்டாங்க" என்றார். பந்தி முழுவதும் கேட்டது. அதோடு சரி.

இன்றைக்குச் சிறுசுகள்தான் இரண்டு பேரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மற்றவரும் வருகிறார் என்று இருவரிடமும் சொல்லவில்லை.

பூட்டைத் திறந்து உள்ளே போனால், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பிரேக்கம்மா வாசித்தார்.

"அம்மா, மாமா, மன்னிச்சுக்குங்க. ஒரு குதிரைக்குப் பிரசவ வலி. குட்டி புரண்டு கிடக்குதாம். இவர்தான் வண்டி ஓட்டுறார். குடைமிளகாயைக் குடைஞ்சு வச்சிருக்கேன். இறால், கணவாய், நண்டுச் சதை எல்லாம் உள்ளே இருக்கு. வந்து நானே செய்றேன். நீங்க எதையும் தொட வேண்டாம்."

"குதிரையாமே," என்றார் கண்ணாடிக்காரர், சுவரைப் பார்த்து.

"நம்புற மாதிரி இல்லை," என்றார் பிரேக்கம்மா, ஃபிரிட்ஜைப் பார்த்து. "நம்ம ரெண்டு பேரையும் ஒரே கூண்டுல அடைக்கப் பண்ணின ஏற்பாடு."

"எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது."

ஒரு வருஷம் எட்டு மாசத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. இருவரும் சமையலறை மேடைக்கு வந்தார்கள். மேடைமேல் ஆறு குடைமிளகாய்கள், மூன்று சிவப்பு, மூன்று மஞ்சள், தலை சீவப்பட்டு வாயைப் பிளந்து நின்றன. பக்கத்தில் செய்முறை எழுதிய ஒரு தாள். மணி பதினொன்றே கால்.

பிரேக்கம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். "வர்றப்போ ரெண்டும் பசியோடதான் வரும். நாமளே செஞ்சுடுவோம்."

"தொட வேண்டாம்னு எழுதியிருக்கே?"

"அவ அப்படி எழுதினா தொடுங்கன்னு அர்த்தம். பெத்தவளுக்குத் தெரியாதா? நீங்க அந்தத் தாளை வாசிங்க சம்பந்தி, நான் செய்றேன்."

கண்ணாடிக்காரர் தாளைக் கையில் எடுத்துத் தொண்டையைச் செருமினார். வெங்காயம் இரண்டு, பூண்டு ஆறு பல், வெண்ணெய் இரண்டு கரண்டி, மிளகுத்தூள் ஒரு கரண்டி, எலுமிச்சை ஒன்று, ரொட்டித்தூள் ஒரு கிண்ணம் என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்றார். 'உப்பு — தேவையான அளவு' என்று எழுதியிருந்தது. அந்த வரியை விழுங்கிவிட்டு, "துருவின சீஸ் ஒரு கிண்ணம்" என்று அடுத்த வரிக்குத் தாவினார். அவர் விழுங்கியதைப் பிரேக்கம்மா கவனித்தார்.

இறாலை வெளியே எடுத்ததும் தகராறு ஆரம்பித்தது. ஓடு உரித்திருந்தது, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுக்கவில்லை. கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்து வெந்நீரில் கழுவினார். கண்ணாடிச் சட்டத்தின் கடுகளவு திருகாணியைப் பிடிக்கிற இடுக்கி அது. ஒவ்வொரு இறாலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முதுகைக் கீறி, நரம்பை அறுந்துபோகாமல் முழுசாக உருவி, தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார்.

பிரேக்கம்மா அதற்குள் கணவாயை நறுக்கி, வெங்காயம் அரிந்து, பூண்டு நசுக்கி முடித்திருந்தார். "ஒரு இறாலுக்கு ஒரு நிமிஷம்னா முப்பது இறாலுக்கு அரை மணி நேரம். குதிரையே அதுக்குள்ள பெத்துடும்."

"நரம்போட சாப்பிட்டா பல்லுல மணல் கடிபடும் சம்பந்தியம்மா."

"மணல்தானே? மண்ணுக்குப் போற உடம்புதான்."

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அடுத்த இறாலைத் தூக்கினார். பிரேக்கம்மா சற்றுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவர் கீற, இவர் உருவ, வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது.

வாணலியில் வெண்ணெய் உருகி வெங்காயம் வதங்கியது. பூண்டின் வாசனை எழுந்ததும் பிரேக்கம்மா இறாலைக் கொட்டி, நிறம் மாறும்வரை புரட்டி, கணவாயைச் சேர்த்து ஒரு நிமிஷத்தில் அடுப்பை அணைத்தார். "இதுக்குமேல வச்சா ரப்பர் செருப்பாயிடும்." நண்டுச் சதையையும் ரொட்டித்தூளையும் போட்டுக் கிளறினார். மிளகுத்தூள் விழுந்தது. எலுமிச்சை பிழியப்பட்டது. உப்பு ஜாடி இரண்டு பேர் கைக்கும் எட்டுகிற தூரத்தில், ஒருவரும் தொடாமல் நின்றது.

அந்த நேரம் மருமகளிடமிருந்து கண்ணாடிக்காரருக்கு போன் வந்தது. சிக்னல் கிடைக்கவில்லை என்று பால்கனிக்குப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டதுதான் தாமதம், பிரேக்கம்மா ஜாடியைத் திறந்தார். இந்த மனுஷன் உப்பு போட மாட்டார், போட்டால் நாக்கு நீளம் என்று நான் சொல்லிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். நான்தான் போட வேண்டும், ஆனால் போட்டது தெரியக்கூடாது என்று நினைத்தார். தாராளமாக ஒரு கரண்டி போட்டுக் கிளறி, ஜாடியைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

கண்ணாடிக்காரர் திரும்பி வந்தார். "குட்டியோட முன்னங்கால் தெரியுதாம். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்னு சொல்றா."

"அப்ப நிஜமாவே குதிரையா?"

"பின்னால கனைக்கிற சத்தம் கேட்டுச்சு."

பிரேக்கம்மா முகம் கழுவக் குளியலறைக்குப் போனார். கண்ணாடிக்காரர் வாணலியைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். அந்த அம்மா உப்பு போடவில்லை, என்னால்தான் போடவில்லை, இந்த ஜென்மத்தில் என் எதிரில் போட மாட்டார் என்று தோன்றியது. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்பதற்குள் ஒரு கரண்டி உப்பைத் தூவி, நன்றாகக் கிளறி, கரண்டியைத் துடைத்தும் வைத்துவிட்டார்.

அடைக்கும் வேலை சுமுகமாக நடந்தது. இருவரும் ஆளுக்கு மூன்றாக, உருண்டுவிடாமல் இடது கையில் பிடித்து, கரண்டியால் அமுக்கி நிரப்பினார்கள். ஆனால் தட்டில் வைத்ததும் காய்கள் நிற்க மறுத்துச் சாய்ந்தன. அடியைச் சீவி மட்டமாக்கலாம் என்றார் கண்ணாடிக்காரர். ஓட்டை விழுந்து சாறெல்லாம் ஒழுகிவிடும் என்றார் பிரேக்கம்மா.

"சின்னத் தட்டா எடுங்க சம்பந்தி. ஒண்ணோட ஒண்ணை நெருக்கி வைப்போம். கூட்டமான பஸ்ல யாராவது கீழே விழுந்து பார்த்திருக்கீங்களா?"

ஆறும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிமிர்ந்து நின்றன. கண்ணாடிக்காரர் தலையை ஆட்டி மெச்சினார். மேடையில் சிந்தியிருந்த ஒரு துணுக்கு இறாலை வீணாக்குவானேன் என்று எடுத்து வாயில் போட்டார்.

அவர் முகம் மாறியது. மெல்வதை நிறுத்தினார். விழுங்கலாமா துப்பலாமா என்று கண்கள் அங்குமிங்கும் போயின.

"என்ன?" என்றார் பிரேக்கம்மா.

"ஒண்ணுமில்லை."

"என்னன்னு சொல்லுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலை சம்பந்தியம்மா. ஒரு தடவை சொன்னதே போதும்."

பிரேக்கம்மா ஒரு காயிலிருந்து விரல்நுனியால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தார். உடனே குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். "கடலையே கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு! நான் ஒரு கரண்டிதானே போட்டேன்?"

"நீங்க போட்டீங்களா? எப்போ?"

"நீங்க போன் பேசப் போனப்போ. ஏன், நீங்களும்…?"

"நீங்க முகம் கழுவப் போனப்போ."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்று முதல் தடவையாக நேருக்கு நேர். முதலில் சிரித்தது பிரேக்கம்மாதான். பள்ளிக்கூட பஸ்ஸின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுப் பழகிய குரல். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சத்தமே இல்லாமல் குலுங்கிச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்து நாற்காலி காலியா இருந்தது. அவ இருந்திருந்தா அவ காதுல மெதுவாச் சொல்லியிருப்பேன், அவளும் வாயை மூடிட்டுச் சாப்பிடுங்கன்னு தொடையில கிள்ளியிருப்பா. ஆள் இல்லைங்கிற ஞாபகமே இல்லாம வாயை விட்டுட்டேன்."

பிரேக்கம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார், கை காய்ந்த பிறகும். "நானும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு, நாலு மணிக்குத்தான் நான் சாப்பிட உட்கார்ந்தேன்."

"சரி."

"நிஜமாவே உப்பு இல்லை."

"சம்பந்தியம்மா!"

"சுத்தமா இல்லை. சமையல்காரர் மறந்தே போயிட்டார்."

"ஒண்ணே முக்கால் வருஷமா ஏன் சொல்லலை?"

"சொல்லுவேனா நான்? ஒத்தை ஆளா ஓடி ஓடிச் செஞ்ச கல்யாணம். எதுலயும் குறை வரக்கூடாதுன்னு மூணு ராத்திரி தூங்கலை. முதல் பந்தியிலேயே நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க. அந்த ஆத்திரம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நான் பேசினது அதிகம். அதுக்கு மன்னிச்சுக்குங்க."

"விடுங்க. இப்போ இதுக்கு ஒரு வழி சொல்லுங்க, மணி பன்னெண்டரை ஆகுது."

ஃபிரிட்ஜில் முந்தின நாள் வடித்த சோறு ஒரு பாத்திரம் நிறைய இருந்தது. ஆறு காயிலிருந்தும் வழித்தெடுத்து, உப்பே இல்லாத அந்தச் சோற்றைக் கொட்டிப் பிசைந்தார்கள். போதவில்லை. இரண்டு உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்துச் சேர்த்தார்கள். இந்தத் தடவை இருவரும் மாறி மாறி ருசி பார்த்தார்கள், மறைக்காமல், ஆளுக்கு ஒரு கரண்டியுடன். "இன்னும் கரிக்குது." "இப்போ?" "இன்னும் ஒரு பிடி சோறு." "இப்போ பாருங்க." "இதுதான். இதுக்குமேல கையை வைக்காதீங்க."

உப்பு சரியானது. பூரணம் இரண்டு மடங்காகிவிட்டது. ஆறு காயும் கழுத்துவரை நிரம்பின. கூடையில் இருந்த நாலு தக்காளிகளையும் குடைந்து அடைத்தும் ஒரு கிண்ணம் மிஞ்சியது. சீஸை வேண்டுமென்றே குறைவாகத் தூவினார்கள், அதிலும் உப்பு உண்டென்று. ஓவனுக்குள் தட்டு போனதும் இருவரும் சமையலறைத் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மிஞ்சிய கிண்ணத்தைக் காலி செய்தார்கள். கண்ணாடிக்காரர் மனைவியைப் பற்றிச் சொன்னார். காய்கறிக்காரரிடம் பேரம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்ட விலையையே கொடுத்துவிட்டு வருவாளாம். பிரேக்கம்மா கேட்டுக்கொண்டே ஓவன் கண்ணாடிக்குள் தோல் சுருங்கிக் கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மகளும் மருமகனும் உள்ளே வரப் பயந்து வாசலிலேயே நின்றார்கள். மகளின் தலையில் வைக்கோல், முழங்கைவரை சேறு. மருமகனின் சட்டையில் ஒரு பக்கம் முழுக்க ஈரம். உள்ளே சண்டை நடப்பதுபோல் சத்தம் கேட்டது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் விடணும்னு சொல்றேன்!"

"கருகிடும் சம்பந்தி! இது கண்ணாடிக் கடை இல்லை, நாளைக்கு வாங்கன்னு சொல்றதுக்கு!"

மருமகன் மெதுவாக எட்டிப் பார்த்தான். அப்பாவும் அத்தையும் ஓவன் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். "அத்தை… எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"குட்டி என்ன ஆச்சு?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"பெண் குட்டி," என்றாள் மகள். "பழுப்பு நிறம். நெத்தியில வெள்ளைப் பொட்டு. அரை மணி நேரத்துல எழுந்து நின்னுடுச்சும்மா. நாலு தடவை விழுந்து அஞ்சாவது தடவை நின்னுது." கண்ணாடிக்காரர் எழுந்து, அவள் தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தார், இறாலின் நரம்பை எடுத்த அதே பொறுமையுடன்.

இரண்டு பேரும் குளித்துவிட்டு வந்ததும் நால்வரும் சாப்பிட்டார்கள். காயின் தோல் இளகி இனித்தது. உள்ளே இறாலும் நண்டும் சோறும் எலுமிச்சை மணத்தோடு ஆவி பறக்க இருந்தன. மருமகன் பேசாமல் இரண்டை முடித்துவிட்டு ஒரு தக்காளிக்குக் கை நீட்டினான். "இதுல சோறும் கிழங்கும் எங்கிருந்து வந்துச்சு? தாள்ல இல்லையே?" என்றாள் மகள்.

"அது சம்பந்திகளுக்குள்ள இருக்கிற விஷயம்," என்றார் பிரேக்கம்மா. "வாயை மூடிட்டுச் சாப்பிடு."

குட்டியைத் திருப்பிய கதையை மகள் பாதிவரை சொன்னாள். கையை எப்படி உள்ளே விட்டேன் தெரியுமா என்று காட்டியவள், அப்படியே கன்னத்தைக் கையில் தாங்கி, கரண்டி தட்டில் இருக்கத் தூங்கிப்போனாள். மருமகன் அவளைத் தாங்கிப் பிடித்து அறைக்குக் கூட்டிப்போனவன், தானும் திரும்பி வரவில்லை.

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சம்பந்திகள் சமையலறைக்குப் போனார்கள். சத்தம் கேட்கக்கூடாதென்று குழாயை மெல்லத் திறந்தார் கண்ணாடிக்காரர். அவர் தேய்த்துக் கொடுக்க, பிரேக்கம்மா துடைத்து அடுக்கினார். ஜன்னல் வழியே மூன்றரை மணி வெயில் மேடைமேல் விழுந்திருந்தது.

"அடுத்த மாசம் என் வீட்டுக்கு வாங்க எல்லாரும்," என்றார் அவர் தணிந்த குரலில். "எனக்குக் கத்தரிக்காய் அடைக்க வரும்."

"அடைக்க வருமா, இல்லை அடைச்சுப் பார்க்கலாம்னு இருக்கீங்களா?"

"பார்க்கலாம்னுதான்."

"அப்ப நான் காலையிலேயே வந்துடுறேன்," என்று சொல்லிவிட்டு, பிரேக்கம்மா அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினார்.