கூடவே ஒரு ‘மாப்ள’

சரக்கு முற்றத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்குப் பெட்டிக்கு அடியில் இருப்பது தெரியாது. கீழே நிற்பவன் வாக்கி டாக்கியில் சொல்வதுதான் அவருக்குக் கண். சொன்னதை அவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகுதான் கொக்கி அசையும். அது அங்கே கட்டாயம்.

கீழே நிற்பவனை எல்லோரும் வானொலி என்பார்கள். வாய் ஓயாது. மேலே உட்கார்ந்திருப்பவர் அவன் அக்காவின் புருஷன். “இடப்பக்கம் ரெண்டடி” என்றால் “இடப்பக்கம் ரெண்டடி, மாப்ள” என்று பதில் வரும். அந்த ‘மாப்ள’ விதியில் இல்லை. சேர்ந்து வேலை பார்க்கும் எட்டு வருடமாக அவராகச் சேர்த்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெட்டி மூன்று தடவை இறக்கியும் உட்காரவில்லை. தப்பான அளவு சொன்னது வானொலிதான்.

“என்னடா, கண்ண மூடிக்கிட்டு அளவு சொல்றியா?” என்று கொக்கி மாட்டுகிறவர் சிரித்தார்.

பழியைத் தள்ளிவிட ஒரு இடம் வேண்டியிருந்தது. வாக்கி டாக்கியின் பேசும் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்து, “பன்னெண்டு வருசமா ஒரு புள்ளைக்கு வழியக் காணோம், இவரு பொட்டிய ஒழுங்கா எறக்கிடுவாராக்கும்” என்றான்.

முற்றத்தில் பதினான்கு வாக்கி டாக்கிகள். எல்லாவற்றிலும் கேட்டது. சிரித்தவர் வாயை மூடிக்கொண்டார்.

மேலிருந்து குரல் வந்தது. “பன்னெண்டு வருசமா ஒரு புள்ளைக்கு வழியக் காணோம்.” கொஞ்சம் இரைச்சல். “அடுத்தது சொல்லு.”

‘மாப்ள’ வரவில்லை.

சாயங்காலம் போனபோது அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

“வெளையாட்டுக்குச் சொன்னேங்கா. வாய் தவறிடுச்சு.”

“என்னிக்குத்தான் ஒனக்குத் தவறல?”

“ஒன்னச் சொல்லலியே.”

“புள்ள இல்லாத வீட்ல அவரு மட்டுமாடா இருக்காரு?” உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. “குளிச்சிட்டு வர்றாரு. நீ கெளம்பு.”

எல்லோர் காதிலும் விழுந்ததற்கு எல்லோர் காதிலும் விழத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்தான். மறுநாள் முதல் பெட்டிக்கு முன்னால், பொத்தானைத் தெரிந்தே அழுத்தினான்.

“மாமா, நான் பேசுனது தப்பு. மன்னிச்சிடுங்க.”

மேலே கிரேன் கண்ணாடிக்குள் அவர் தலை அசையவில்லை.

“மாமா, நான் பேசுனது தப்பு. மன்னிச்சிடுங்க.” ஓர் எழுத்து குறையவில்லை. பெட்டி எண்ணை வாசிக்கிற அதே குரல். “அடுத்தது சொல்லு.”

கொக்கி மாட்டுகிறவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, மாட்டியாயிற்று என்று கையை உயர்த்தினார்.

“தூக்குங்க” என்றான் வானொலி.

“தூக்குங்க.”

பெட்டி எழும்பியது. அவன் வாக்கி டாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். இரைச்சல்தான் கேட்டது.