பதினோரு பித்தளை ராஜாக்கள்

கலைக்கூடத்தின் கதவைத் திறப்பதற்குள் கண்காட்சிக்கு வந்த பன்னிரண்டு பித்தளைத் தகடுகளில் பதினொன்றைத் தேய்த்து முடித்திருந்தாள் அம்சவேணி. புளி தீர்ந்துபோனதால் பன்னிரண்டாவது மட்டும் தப்பித்தது.

இங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். அதற்குமுன் ஆற்றுக்கு அக்கரையில், தன்லின் ஊர் ஆலையில் மூட்டை தூக்கியவள். அந்த முதுகுவலிக்கு இனி திரும்புவதில்லை என்றிருந்தாள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆள் வருகிற நாளில் சாமான் கறுத்துத் தொங்கினால் யாங்கூனுக்கே அசிங்கம் என்றுதான் வீட்டுப் புளியைக் கொண்டுவந்தாள்.

உள்ளே வந்த மேலாளர் சுந்தர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“மா வேணி! அது அழுக்கா? அந்த ஆஸ்திரேலியாக்காரம்மா அவங்க ஊரு மண்ணுல ஆறு மாசம் புதைச்சு எடுத்த கறுப்பு!”

“யாரு சொன்னீங்க எங்கிட்ட? பித்தளைன்னா தேய்க்கிறதுதானே, கோ சுந்தர்?” பர்மிய வழக்கில் அவளுக்கு ‘மா’, அவருக்கு ‘கோ’.

“நாளையிலேர்ந்து வராத.”

அந்த நேரம் பார்த்து டோரின் வந்து நின்றாள். ஆஸ்திரேலியாவின் ஆதிகுடிப் பெண். அவள் முன்னோரின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட வெள்ளைக்காரன், ‘ராஜா’ என்று பொறித்த பித்தளைப் பிறையை அவர்கள் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தான். அந்தப் பிறைகளைத்தான் அவள் மறுபடி செய்து கொண்டுவந்திருந்தாள்.

சுந்தர் திக்கித் திணறி ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னார். டோரின் ஒவ்வொரு தகடாய்க் குனிந்து பார்த்தாள்.

“இதையும் சொல்லுங்க கோ சுந்தர்,” என்றாள் அம்சவேணி. “எங்க பாட்டனுக்கும் வெள்ளைக்காரன் துறைமுகக் கூலின்னு பித்தளை வில்லை குடுத்தான். பேரு கிடையாது, நம்பர்தான். நானூத்திப் பதினெட்டு. நாங்க அதுல அடிப்பிடிச்ச சட்டியைச் சுரண்டுறோம்.”

“இதெல்லாம் சொல்லணுமா?”

“போற வேலைதானே, சொல்லுங்க.”

கேட்டதும் டோரின் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு ஒரு தகட்டின் முன்னால் சுந்தரை இழுத்து நிறுத்தினாள். ‘ராஜா’ என்ற எழுத்துக்குக் கீழே அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது. மனிதர் தன்னையறியாமல் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். டோரினுக்கு மறுபடி சிரிப்பு. என்னவோ சொன்னாள்.

“தேய்ச்ச தகடு, பார்க்கிறவன் மூஞ்சிக்கே பட்டம் கட்டுதாம்,” என்று முணுமுணுத்தார் சுந்தர். “பதினொண்ணும் இப்படியே இருக்கட்டுமாம், அந்த ஒண்ணு மட்டும் கறுப்பாவே இருக்கட்டுமாம். கண்காட்சி முடியிற வரைக்கும் தினம் தேய்க்கணுமாம். நீதான் தேய்க்கணுமாம்.”

“அப்ப நாளைக்கு வரட்டுமா?”

“வந்து தொலை.”

அம்சவேணி துணியை உதறித் தோளில் போட்டாள்.

“வீட்டுல புளி காலி. வரும்போது அரை வீசை வாங்கிட்டு வந்துடுங்க, ராஜா.”