காதுக்குள் கிடந்த நீர்

தைப்பொங்கலுக்குக் கிட்டிய ஒரு நாள் அஜந்தா தன் மகள் தனுஷியாவை அறைந்தாள். பிள்ளைக்கு ஆறு வயது. விறாந்தையில் முதுகைக் காட்டி இருந்து படம் கீறிக்கொண்டிருந்தவளை நான்கு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. அடுப்படியிலிருந்து எழுந்து போய்க் கன்னத்தில் கொடுத்தாள். அடி காதோடு பட்டது. பிள்ளை உடனே அழவில்லை. எதற்காக அடி விழுந்தது என்று தெரியாதவள்போல் தாயின் வாயையே பார்த்தாள்.

இரண்டு கிழமை கழித்து வகுப்பு ஆசிரியை சீதேவிப்பிள்ளை அஜந்தாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார். முன்னால் நின்று சொன்னால் பிள்ளை செய்கிறாள், பின்னால் நின்று கூப்பிட்டால் அசைவதேயில்லை, டொக்டரிடம் காதைக் காட்டுங்கள் என்றார். அஜந்தாவுக்கு அந்த அடி நினைவுக்கு வந்தது. அடித்ததை அவள் ஆசிரியையிடமும் சொல்லவில்லை, கணவன் சுதாகரனிடமும் சொல்லவில்லை.

பனிச்சங்கேணியிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். சுதாகரன் விடியமுன்னம் வலையோடு வாவிக்குப் போய்விடுவான். அதனால் கிளினிக் என்றால் அவள்தான். முதல் நாள் பெண் டொக்டர் இரண்டு காதுகளையும் பார்த்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் சேர்ந்திருக்கிறது, தடிமன், சளி வந்த பிள்ளைகளுக்கு இப்படி வரும், பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும் என்றார். மருந்து எதுவும் எழுதவில்லை. காதுக்குள் ஒன்றும் விடக்கூடாது, மூன்று மாதம் கழித்து வரவேண்டும்.

“இவ்வளவு தூரம் போய் ஒரு குளிசையும் தரல்லையா?” என்று சுதாகரன் கேட்டான். அடுத்த வீட்டு இரத்தினம்மா வெள்ளுள்ளியைப் போட்டு எண்ணெய் காய்ச்சி, காதுக்கு விடச் சொல்லிக் கொண்டுவந்தாள். அஜந்தா அதை வாங்கி வைத்துக்கொண்டாளே தவிரப் பிள்ளைக்கு விடவில்லை.

சும்மா இருப்பதுதான் வைத்தியம் என்று ஆனபின் வேலை கூடிவிட்டது. எதைச் சொல்வதானாலும் பிள்ளையின் அருகே போய், தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். கறி கொதித்தாலும் எழுந்து போகவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கணக்கில்லை. பொழுதுபடும்போது அவளுக்குக் கால் உளையும்.

வைகாசியில் கேட்கும் திறனைச் சோதித்தார்கள். தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைக் கூடைக்குள் போடச் சொன்னார்கள். தனுஷியா கட்டையைக் கன்னத்தோடு பிடித்தபடி காத்திருந்தாள். சோதிப்பவர் பொத்தானை அழுத்தினார், மறுபடி அழுத்தினார். பிள்ளை காத்துக்கொண்டே இருந்தாள். பார்த்திருந்த அஜந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

நீர் வற்றவில்லை. செவிப்பறையில் சின்னக் குழாய் வைக்க ஆடியில் நாள் தந்தார்கள். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல். மயக்க மருந்து கொடுக்க முடியாதென்று திருப்பி அனுப்பினார்கள். வெறுவயிற்றோடு வந்த பிள்ளைக்கு பஸ் நிலையத்தில் பணிஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கும் ஒன்று வாங்கலாம் என்று தோன்றாமலே பஸ் ஏறினாள்.

புரட்டாதியில்தான் நடந்தது. ஒப்பரேஷன் தியேட்டருக்குள் பிள்ளையைக் கொண்டுபோகுமுன் அதே டொக்டர் வாட்டுக்கு வந்தார். அவர் முகத்திலும் களைப்பு. அஜந்தா கட்டிலருகே கிடந்த வாங்கிலிருந்து எழுந்தாள்.

“டொக்டர், நான் ஒருக்கா இவக்கு அடிச்சிட்டன். காதோட பட்டது. அதாலயா இது வந்தது?”

“இல்லம்மா. அடிக்கு இந்த நீர் சேராது. மூக்குக்குப் பின்னால இருந்து காதுக்குப் போற பாதை சரியாத் திறக்கல்ல, அதான். எப்ப அடிச்ச?”

“தைப்பொங்கலுக்குக் கிட்ட. கூப்பிடக் கூப்பிட வரல்ல எண்டு.”

டொக்டர் பிள்ளையைப் பார்த்தார். “அப்பவே அவக்குக் கேட்டிருக்காது,” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எட்டு மாதமாகச் சுமந்தது இறங்கியது. ஆனால் இறங்கிய இடத்திலேயே வேறொன்று வந்து குந்திக்கொண்டது. அழவும் தெம்பில்லாமல் அஜந்தா வாங்கில் இருந்தாள். அரைமணித்தியாலத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். மயக்கம் தெளிந்து சத்தியெடுத்தாள், தண்ணீர் கேட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் தனுஷியா இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். பஸ் ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்டாள். அஜந்தா அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “அண்டைக்கு அம்மா அடிச்சது பிழை மகள். உனக்குக் கேக்கல்ல எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு,” என்றாள்.

“படம் கீறக்குள்ளயா?”

“ஓம்.”

பிள்ளை காதிலிருந்து கையை எடுத்தாள். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சுதாகரன் பஸ் நிறுத்தத்தில் சைக்கிளோடு நின்றான். ஆறு கிழமையில் திரும்பவும் கிளினிக், அதுவரை காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்க்கவேண்டும் என்று மட்டும் அவனிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்து, சோறாக்கி மூடி வைத்துவிட்டுப் பாயைப் போட்டுப் படுத்தாள். முற்றத்தில் பிள்ளை தகப்பனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வலையைத் தட்டியபடி, திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தான்; அது காதில் விழுந்து பிள்ளை அடுத்ததைக் கேட்டாள். அஜந்தா நித்திரையாகிவிட்டாள்.